துளிமேல் படிந்த தோல்

கைரேகைப் பெட்டி தேவிகாவின் கட்டைவிரலை ஏற்க மறுத்தது. துப்பட்டாவில் விரலைத் துடைத்து மறுபடி வைத்தாள், சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரலை வைத்தாள். அதற்கும் சிவப்பு விளக்கு. கடைசியில் கண்ணாடிக் கதவைத் தட்ட, முனவ்வர் பேகம் உள்ளேயிருந்து வந்து திறந்துவிட்டாள்.

"எனக்கும் நேத்துலேர்ந்து இதே பேஜார்தான்," என்றாள் முனவ்வர். "கிளவுஸ் போட்டுப் போட்டு கை வறண்டுபோச்சு. வேறொண்ணுமில்ல."

தேவிகாவும் அப்படித்தான் நினைத்தாள்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு விலகி மலையடிவாரம் வரை பரந்திருந்த பல்கலைக்கழகத்தின் கடைசிக் கட்டடத்தில் அவர்களுடைய ஆய்வகம் இருந்தது. புரதங்களைப் படிகமாக வளர்த்து, எக்ஸ்ரே பாய்ச்சி, அவற்றின் வடிவத்தைக் கண்டுபிடிப்பது வேலை. பேராசிரியர் வேதாசலத்திடம் ஆராய்ச்சி செய்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். மூடிக்கிடந்த ஒரு தோல் பதனிடும் டேனரியின் தொட்டியடிச் சேற்றில் கிடைத்த கிருமி, தோலைக் கரைக்கும் ஒரு புரதத்தைச் சுரந்தது. அதன் வடிவம் தெரிந்துவிட்டால் தோல் பதனிட இத்தனை சுண்ணாம்பும் ரசாயனமும் வேண்டியிருக்காது, பாலாற்றங்கரைக் கிணறுகள் பிழைத்துக்கொள்ளும் என்று தேவிகா நம்பினாள். அவளுடைய ஊர்க் கிணற்றில் துணி துவைத்தால் துணி மஞ்சளாகும். அம்மா ஷூ கம்பெனியில் தைத்துத்தான் அவளைப் படிக்கவைத்தாள். அந்தப் புரதத்தை விட்டுவிடும்படி யார் சொல்லியிருந்தாலும் அதுவரை அவள் கேட்டிருக்க மாட்டாள்.

அன்று பிற்பகல், புரதத்தைத் துளித்துளியாக வைத்துப் படிகம் வளர்க்கும் தட்டுகளை எடுக்கக் கோல்டு ரூமுக்குப் போனாள். ஆய்வகத்தின் கோடியில், குளிர்பதனப் பெட்டியின் உள்ளே நுழைந்தாற்போல ஒரு சின்ன அறை அது. கனத்த கதவை இழுத்ததும் முகத்தில் அறையும் குளிரும், கூரையடியில் ஓயாமல் சுற்றும் விசிறியின் உறுமலும், தகர அலமாரிகளில் சொட்டி நிற்கும் ஈரமும் அவளுக்குப் பழகியவைதான் என்றாலும், அன்று அவற்றோடு வேறொரு வாசனையும் கலந்திருந்தது. உப்புப் போட்ட பச்சைத்தோலை ஏற்றிய லாரி பஸ்ஸுக்கு முன்னால் மாட்டிக்கொண்டால் ஜன்னல் வழியே வந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளுமே, அந்த வாசனை. அந்த அறைக்குள் தோல் என்று எதுவும் ஒருநாளும் வந்ததில்லை.

தட்டை மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தாள். ஒவ்வொரு துளியின் மேலும், பால் மேல் ஆடை படிவதுபோல ஒரு மெல்லிய ஏடு படிந்திருந்தது. அது சகஜம், புரதம் கெட்டுப்போனால் அப்படி ஆகும். ஊசி முனையால் ஓர் ஏட்டைக் குத்தினாள்.

அது சுருங்கியது.

கை ஆடியிருக்கும் என்று நினைத்து மறுபடி குத்தினாள். முனை படுவதற்கு முன்பே அது ஓரத்துக்கு ஒதுங்கியது. லென்ஸை மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஏட்டில், தோலில் இருப்பதுபோலத் துவாரங்கள் தெரிந்தன. அம்மா கொண்டுவரும் வெட்டுத்துண்டுகளில் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் பார்த்தே வளர்ந்தவள் அவள். இது இரண்டுமில்லை. இதில் வரிகள் இருந்தன. வரிகள் வளைந்து சுழித்து ஒரு நடுவை நோக்கிப் போயின. குறுக்கே, சாய்வாக, ஒரு வெள்ளைத் தழும்பு.

சின்ன வயதில் தையல் மிஷின் ஊசி ஏறிய தழும்பு. அவளுடைய தழும்பு.

கிளவுஸைக் கழற்றினாள். கட்டைவிரல் பளிங்குபோல வழவழவென்றிருந்தது. ரேகை இல்லை. தழும்பும் இல்லை.

முனவ்வரைக் கூப்பிட்டுக் காட்டினாள். முனவ்வர் வெகுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கைகளை விளக்கின் கீழ் விரித்தாள். அவள் தங்கை நிக்காஹுக்கு இட்ட மருதாணி அதற்குள் மங்கியிருக்க நியாயமில்லை. ஆனால் கை வெளுத்துக் கிடந்தது.

"காலையில ஷாம்பு போட்டுக் குளிச்சேன், அதுல போயிருக்கும்னு நெனச்சேன்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "என் பொண்ணு ரெண்டு நாளா என் கையைப் புடிக்கமாட்டேன்றா தேவி. வழுக்குதும்மான்னு சொல்றா."

இரண்டு பேரும் பேராசிரியரின் அறைக்குப் போனார்கள். வேதாசலம் டீ குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைப் பிடித்திருந்த கையில் கிளவுஸ் இருந்தது.

"அடுத்த வாரம் எக்ஸ்ரே எடுக்கப் போறோம்," என்றார், முழுவதும் கேட்டுவிட்டு. "இப்ப போய் தட்டெல்லாம் அழிக்கணும்னு சொல்றியேம்மா. கைக்கு கிரீம் போடு. சரியாயிடும்."

"உங்க கையைக் காட்டுங்க சார்."

அவர் கோப்பையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என் கையில ஒண்ணுமில்லம்மா," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தேவிகாவுக்கு அச்சமூட்டியது. "இது என் வாழ்நாள் வேலை. யாரும் தொடக்கூடாது."

"தொட்டவங்களுக்குத்தான் சார் இப்படி ஆவுது," என்றாள் தேவிகா. "நான் அழிக்கத்தான் போறேன். உங்ககிட்ட சொல்லிட்டே செய்றேன்."

ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் இன்னும் வெயில் இருக்கும்போதே, செக்யூரிட்டியிடம் சாவி வாங்கித் திறந்து இருவரும் உள்ளே போனார்கள். தேவிகா இரண்டு கேன்களில் பிளீச் எடுத்துக்கொண்டாள். கட்டடத்தில் வேறு யாருமில்லை. நடைக்கூடத்தில் அவர்களுடைய செருப்புச் சத்தம் முன்னால் போய்த் திரும்பி வந்தது. பச்சைத்தோல் வாசனை இப்போது ஆய்வகம் முழுக்க இருந்தது. சுண்ணாம்பு, உப்பு, அடியில் ஏதோ வெதுவெதுப்பான, வியர்வை போன்ற ஒன்று.

"நீ கதவைப் புடிச்சிக்கோ அக்கா. மூடவிடாத."

"சீக்கிரம் வந்துடு."

முனவ்வர் கதவைத் தோளால் தாங்கி நின்றாள். தேவிகா உள்ளே போனாள். தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டாள். துளிகள் வெறுமனே தெளிந்து கிடந்தன. ஏடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் எங்கேயோ போயிருந்தன.

விசிறி நின்றது.

அந்த அமைதியில் வேறொரு சத்தம் கேட்டது. அலமாரிக்குப் பின்னால். ஈரத் துணியை மெதுவாக உதறுவதுபோல. தேவிகா அலமாரியின் கம்பியைப் பிடித்து இழுத்தாள். அது கிறீச்சிட்டு நகர்ந்தது.

பின்சுவர் முழுவதும் தோல் மூடியிருந்தது.

மனிதத் தோல். மாநிறமும் கறுப்பும் வெளுப்புமாக, தையலே இல்லாமல் ஒட்டியிருந்தது. குளிரில் அதற்குப் புல்லரித்திருந்தது. ஓரிடத்தில் அவளுடைய தழும்பு. கொஞ்சம் தள்ளி, சிவக்கச் சிவக்க முனவ்வரின் மருதாணிக் கொடி. மேலே, சுருக்கம் விழுந்த வயதான தோல்; கிளவுஸுக்குள் வேதாசலம் எதை மறைத்தார் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. இன்னும் யார் யாருடையதோ. தட்டு கழுவ வந்தவர்களுடையது. டேனரித் தொட்டியில் இறங்கியவர்களுடையதும் இருக்கலாம். கறுத்து, காய்த்து, வெடித்த தோல்.

"தேவி, வந்துடு," என்றாள் முனவ்வர். அவளும் பார்த்துவிட்டாள்.

தேவிகா நகரவில்லை. கேனின் மூடியைத் திருகினாள். வழுக்கும் விரல்களுக்கு அது பிடிபடவில்லை. பல்லால் கடித்துத் திறந்தாள்.

"எங்கிட்டருந்து எடுத்ததை நீ திருப்பித் தரவேணாம்," என்றாள் சுவரைப் பார்த்து. "இனிமே யார்கிட்டயும் எடுக்காத."

ஊற்றினாள்.

சுவர் முறுக்கிக்கொண்டது. அதே நொடியில் அவள் கட்டைவிரல் எரிந்தது. நெருப்பில் வைத்ததுபோல. பின்னால் முனவ்வர் பல்லைக் கடித்து முனகினாள். மருதாணிக் கொடியின் மேல் பிளீச் வழிந்துகொண்டிருந்தது.

தேவிகா கேனை நிமிர்த்தினாள். "அக்கா. உனக்கும் எரியுதா?"

முனவ்வர் கைகளை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். விரலிடுக்கில் தோல் கொப்பளித்துக் கிளம்பிக்கொண்டிருந்தது. முகம் வியர்த்திருந்தது. தோள் மட்டும் கதவை விடவில்லை.

"என் கை போனா போவட்டும்," என்றாள். "என் பொண்ணு இருக்கா. ஊத்துடி."

தேவிகா ஊற்றினாள். எரிந்தது. இன்னும் ஊற்றினாள். உள்ளங்கை கிழிந்தது. கேன் காலியானது. அதை எறிந்தாள். அடுத்ததை எடுத்தாள். கண்ணில் நீர். மூக்கில் காரம். சுவர் கருகிச் சுருண்டு உதிர்ந்தது. அடியில் சிமெண்ட் தெரியவில்லை. அடியில் இன்னொரு தோல். புதிது. இளஞ்சிவப்பு. சின்னக் குழந்தையின் தோல்போல.

அவள் கேனை உயர்த்தினாள்.

அவளுடைய மூச்சு குளிரில் வெள்ளையாகப் புகைந்து முன்னால் போனது. எதிரே, சுவரின் நடுவில், அவள் வாய் உயரத்தில், தோல் மெல்லப் பிளந்தது. அதிலிருந்தும் வெள்ளையாக, வெதுவெதுப்பாக, ஒரு மூச்சு வெளியே வந்தது.