கம்பி வளையம்

கரண்ட் போயிருந்தது. இருந்தும் குழந்தை வர்ஷினியின் இடுப்பு கத்தியது.

சூலூரைத் தாண்டிய தோட்டத்து வீடு. விசைத்தறிகள் சட்டென நின்றுபோன சாயங்கால அமைதியில், தொட்டிலில் தூங்கும் குழந்தையின் அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த தீப்பெட்டி அளவுக் கருவி சில்வண்டுபோல் விட்டுவிட்டு ஒலிப்பதை, கொத்தமல்லி வாசம் போகாத கையோடு புவனா கேட்டுக்கொண்டு நின்றாள்.

கிணற்றுக்குப் பயந்து அவள் கணவன் மதன்குமார் செய்த ஏற்பாடு அது. கிணறு வளையத்துக்கு வெளியே இருக்க, வீட்டைச் சுற்றி ஒரு கம்பியை வளையமாகப் புதைத்து, சுவர்ப் பெட்டியிலிருந்து அதில் துடிக்கும் மின்சாரத்தை ஓடவிட்டிருந்தான். அது கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாக்கும். கருவிக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அந்தப் புலத்துக்குள் வந்தால் சத்தம் எழும்பும்; நெருங்க நெருங்க வேகம் கூடும்.

"கத்துறப்பவே ஓடிப்போயித் தூக்கிரோணும் அம்மணி. நின்னுபோச்சுன்னா புள்ள கம்பியத் தாண்டிக் கெணத்துப்பக்கம் போயிருச்சுன்னு அர்த்தம்" என்று சொல்லியிருந்தான்.

அவன் வேலை பார்க்கும் பெரியநாயக்கன்பாளையத்துக் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ளயே கத்துதுங்க."

"உன்ற புள்ள உன்னையாட்டத்தான கத்தும்?"

"வெளையாடாதீங்க. கரண்டே இல்லீங்க."

சிரிப்பு நின்றது. "கரண்ட் இல்லாட்டி அது வெறும் கம்பி புவனா. கத்தாது. அதையக் கழட்டிப்போடு. நான் வாரேன்."

முடிச்சு அவிழவில்லை. கத்தியை நுழைக்க இடமில்லாமல் கயிறு வயிற்றோடு இறுகியிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள், சத்தம் வேகமானது. சமையலறைக்கு ஓடினாள், அங்கும் வேகமானது. வடக்குச் சுவர். தெற்குச் சுவர். எல்லாப் பக்கமும் ஒரே நெருக்கம்.

கம்பி இப்போது மண்ணுக்கடியில் இல்லை. வளையம் சுருங்கி வருகிறது.

கூடத்தின் நடுவில் உட்கார்ந்தாள். போக இடமில்லை. குழந்தையை நெஞ்சோடு அழுத்தினாள். கருவியிலிருந்து இடைவெளியே இல்லாத ஒரே கூவல்.

"கண்ணு... முழிச்சுக்கோ கண்ணு..."

சத்தம் நின்றது.

அவள் ஓரடிகூட நகரவில்லை. கைகளை விடவில்லை. மடியில் அதே கனம்.

கிணற்றுப் பாசி வாசம்.

குழந்தையின் முடி அவள் மணிக்கட்டில் ஈரமாய் ஒட்டியிருந்தது. பிஞ்சுக் காலிலிருந்து தண்ணீர் சொட்டியது. சிமெண்ட் தரையில். ஒவ்வொரு சொட்டாக.