பெட்டி இறக்கும் மேடு

கல் சூடாக இருந்தது. காலையிலிருந்து விடாத தூறலில், உப்புக்காற்று விளாசும் மலைமேட்டில், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி அது முரியலின் பூட்ஸைத் தாண்டிச் சுட்டது. இருந்த கோபத்தில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. இன்னோர் உதை விட்டாள். குவியல் சரிந்து, கற்கள் கடகடவென்று பாறை விளிம்பைத் தாண்டி உருண்டன. கடலில் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

தீவைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் கல்மேல் கல் அடுக்கிப் படம் பிடிக்காவிட்டால் தூக்கம் வராதாம்! கல்லுக்காக ஆட்டுப்பட்டிச் சுவரையே பிய்த்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் அவள் அண்ணன் லாக்லன். 'எளிதான மலைநடை, அற்புதமான காட்சி' என்று படகுத்துறையில் நோட்டீஸ் ஒட்டியது அவன்தான். அப்பா அம்மா போனபின் இந்தத் தீவில் அவளுக்கென்று இருப்பதும் அவன் ஒருவன்தான். அதனாலேயே எரிச்சல் இரண்டு மடங்காக வந்தது.

"உன் நோட்டீசைக் கொண்டுபோய் அடுப்புல போடு!"

மூச்சிரைக்க ஏறி வந்த லாக்லன் அப்படியே நின்றுவிட்டான்.

"அடிப்பாவி! எதைடி உதைச்ச? பாசி பிடிச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியல? டூரிஸ்டுங்க அடுக்கினது இல்லடி. நம்மாளுங்க பெட்டி இறக்கற இடம்!"

மலைக்கு அந்தப்பக்கக் கல்லறைக்குச் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து போன காலத்தில், இந்தக் குவியலின் மேல்தான் இறக்கி வைத்து ஓய்வெடுப்பார்கள். வெறுந்தரையில் பெட்டி படக்கூடாது. தப்பு என்று தெரிந்தும் வாய் அடங்கவில்லை.

"எல்லாம் உன்னாலதான்!"

மூடுபனி மேலேறி வந்தது. ஈரக் கம்பளி நாற்றம். புதிதாகச் சீவிய பலகை வாசனை. பாதையில் காலடிகள், மெதுவாக, பாரத்தோடு. ஆறு பேர் தூக்க வேண்டியதை ஐந்து பேர் தூக்கும் தள்ளாட்டம் அதில் இருந்தது.

எதிரில் பெட்டி வந்தால் தோள் கொடுக்காத ஆண் இந்தத் தீவில் கிடையாது, பகையாளி வீட்டுப் பெட்டியானாலும் சரி. லாக்லனின் கை தானாகத் தொப்பியைக் கழற்றியது.

"போகாத அண்ணே! யாருன்னு பாரு மொதல்ல!"

"அதைக் கேட்டுட்டா தூக்குவாங்க?" என்றபடி பனிக்குள் போனான்.

காலடிகள் சீராயின. மேட்டுக்கு வந்தன. நின்றன. சுற்றின. மறுபடி நின்றன.

"முரி..." அண்ணனின் குரல் நசுங்கி வந்தது. "எங்கடி இறக்கறது?"

கற்களைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை. காலடிகள் விளிம்பை நோக்கி நகர்ந்தன. கற்கள் போன வழியே. ஓர் அடி. இன்னோர் அடி. முட்டாள், முட்டாள், என்று தன்னையே திட்டிக்கொண்டாள். குவியல் இருந்த இடத்தில் மல்லாந்து படுத்தாள்.

"இங்க! என் மேல இறக்கு!"

காலடிகள் திரும்பின.

பாரம் இறங்கியது. விலா எலும்பு முறிந்தது. லாக்லன் வியர்வையைத் துடைத்தபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவளைப் பார்க்கவில்லை.

"அவசரமில்ல. நல்லா மூச்சு வாங்கிட்டுப் போவோம்," என்றான் மற்றவர்களிடம்.

அவளால் கத்த முடியவில்லை. மார்பின் மேல், பலகைக்கு உள்ளே, ஏதோ மெல்லப் புரண்டு குப்புறப் படுத்தது, அவள் முகத்துக்கு நேராக.