எஞ்சுநாள் பலகை

காலை ஏழு மணிக்கு எஞ்சுநாள் பலகையில் இசக்கியம்மாளின் பெயருக்கு எதிரே பத்தொன்பது என்று தெரிந்தது.

தூத்துக்குடிக் கரையிலிருந்து ஆறு கடல்மைல் தள்ளி மிதந்த அந்தக் கடற்பாசிப் பண்ணையில் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை உண்டு. நாடித் துடிப்பு, குரல், நடை ஆகியவற்றை வைத்து, ஒருவர் வேலையை விட்டுப் போக இன்னும் எத்தனை நாள் என்று அது கணித்துப் பலகைக்கு அனுப்பும். போன வருடம் பதினோரு இளைஞர்கள் அது சொன்ன நாளிலேயே போனார்கள்.

மேலாளர் பெர்னதத் ஒரு கடிதத்தை இழுப்பறைக்குள் தள்ளி மூடிவிட்டுப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். இசக்கிக்கு இருபத்து நான்கு வயது. நீருக்கடியில் பாசிக் கயிறுகளைச் சீர்செய்ய அவளை விட்டால் ஆளில்லை. அவளும் போனால் பண்ணையை மூடிவிடுவோம் என்று தலைமையகம் சொல்லியிருந்தது.

பலகை வழியும் சொன்னது. ‘பரிசு வழங்குக.’ பெர்னதத் கேடயம் கொடுத்தார். எண் பதினேழானது. ‘பதவிப் பெயரை உயர்த்துக.’ ‘முதுநிலை ஆழ்கடல் வல்லுநர்’ என்று அட்டை அடித்துக் கொடுத்தார்.

“கடலுக்குள்ள இத யாரு மேடம் வாசிப்பா? சுறாவா?” என்றாள் இசக்கி.

பதினான்கு.

மறுநாள் பெர்னதத் பலகையை விட்டுவிட்டு அவளையே கவனித்தார். ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் படகு வந்தது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தார்கள். இசக்கி நீரிலிருந்து ஏறி உடை மாற்றி வர ஒன்றரை ஆகிவிட்டது. ஈரத் தலையோடு, ஆறிய சோற்றை ஒரு மூலையில் தனியாகச் சாப்பிட்டாள். ‘தனிமையை விரும்புபவர்’ என்று இயந்திரம் அவளைப் பற்றிக் குறித்து வைத்திருந்தது.

அடுத்த நாள் பெர்னதத் வழக்கம்போல் அறைக்குள் சாப்பிடவில்லை. தூக்குச்சட்டியைத் திறக்காமல் மேசையில் காத்திருந்தார்.

“நீங்க இன்னும் சாப்பிடலையா மேடம்?”

“நீ வரட்டும்னுதான். தலையத் தொடச்சியாட்டி? உக்காரு.”

பெர்னதத் கண்மூடி ஜெபம் சொல்லி முடிக்கும்வரை இசக்கி சோற்றில் கை வைக்கவில்லை.

“சாமிகிட்ட என்ன கேட்டீங்க?”

“உன் சட்டியில மீன் இருக்கணும்னு.”

“இருக்கு. சாளை. முள்ளு இருக்கக் கூடாதுன்னும் சேத்து வேண்டிருக்கலாம்லா?”

மாலையில் அவள் எண் இருபத்தாறு. ஒரு மாதத்தில் முந்நூறைத் தாண்டியது. மற்றவர்களும் ஒன்றரைக்கே சாப்பிட உட்கார, அவர்களின் எண்களும் ஏறின.

தலைமையகம் வழிமுறை கேட்டது. ‘காத்திருந்து, சேர்ந்து சாப்பிட்டோம்’ என்று பெர்னதத் எழுதினார். இரண்டு வாரத்தில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ‘உடனுண்ணி’ என்ற இயந்திரம். எதிரே உட்கார்ந்து தலையாட்டி, ‘அப்புறம்?’ என்று கேட்கும். பையன்கள் அதன் கழுத்தில் ஈர உடைகளைக் காயப்போட்டார்கள். அப்போதும் அது ‘அப்புறம்?’ என்றது.

அன்று மற்றவர்கள் எழுந்த பிறகும் இசக்கி பெர்னதத்துக்கு எதிரே மீன்முள்ளை ஒதுக்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

“மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. பலகைக்குப் பின்னால உப்புப் படியும்லா, நான்தான தொடைக்கேன். அங்க இன்னொரு சின்னத் திரை இருக்கு. தலைமையகத்துக்குப் போறது. அதுல உங்க பேரும் உண்டு.”

பெர்னதத் தம் மணிக்கட்டைப் பார்த்தார். அவரும் பட்டை கட்டியவர்தான். அதைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை.

“எவ்வளவு?”

“எனக்காகக் காத்திருந்தீங்கள்ல, அன்னைக்குக் காலையில ஆறு. சாயங்காலம் ஒம்பது.”

பெர்னதத் பட்டையை விரலால் திருப்பினார்.

“இப்பல்லாம் கீழ வேல ஒரு மணிக்கு முன்னாலயே முடிஞ்சிருது. நான்தான் கயித்தப் பிடிச்சிட்டு மீன வேடிக்க பாத்துட்டுக் கிடப்பேன்.”

“பசியோடயா? ஏட்டி, ஏன்?”

“சீக்கிரம் வந்துட்டா நீங்க யாருக்காகக் காத்திருப்பீங்க? காத்திருக்கையிலதான் உங்க எண்ணு ஏறுது.”

யாரை யார் நிறுத்தி வைத்தது என்பதை எந்தப் பட்டையும் கணிக்கவில்லை. கடவுளுக்குத் தெரிந்திருக்கும்.

பெர்னதத் எழுந்து அறைக்குப் போனார். இழுப்பறையிலிருந்த தம் ராஜினாமாக் கடிதத்தை எடுத்து வந்து, இசக்கியின் முன்னால் மேசையில் விரித்தார்.

“முள்ளையெல்லாம் இதுல போடு” என்றார். “நாளைக்கு எத்தன மணிக்கு வருவ?”

இசக்கி வாசித்துவிட்டு, ஒரு முள்ளைக் கையெழுத்தின் மேல் வைத்தாள்.

“ஒண்ணரைக்குத்தான், அக்கா.”