இடது விலாவின் செம்மை

குளிர்காலத்துச் செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. பாரிஸில், மோன்மார்த்தர் மேட்டின்மேல், ஐந்தாம் மாடியிலிருந்த தன் சித்திரக்கூடத்தைத் திறந்த கிளெமென்ஸ் வாஸேர், வெறுமையாய் நின்ற சித்திரத் தாங்கியைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். பூட்டு உடைபடவில்லை. டிசம்பர் தொடங்கி அவள் தீட்டிவந்த படம் மட்டும் காணவில்லை.

நண்பகலில் அது அகப்பட்டது. வருடாந்தரக் கண்காட்சி மண்டபத்தில், அவளுக்கு ஓவியம் கற்பித்த பேராசிரியர் ஷபானெலின் கையொப்பத்தோடு நின்றது. மறுநாள் நடுவர்கள் கூடுவார்கள். அதற்குள் உண்மை துலங்காவிட்டால் படம் அவர் பெயராலேயே சுவரேறும்.

இன்ஸ்பெக்டர் லெகாம்ப் முதலில் சித்திரக்கூடத்தைப் பார்த்தார். வடக்கே ஒரு சன்னல்; மாதிரிப்பெண் அமரும் மேடை; அதில் அமர்பவளுக்கு இடப்புறம் இரும்புக் கணப்பு. சாவி பூந்தொட்டியின் அடியில் இருக்கும் என்பதும், வாரந்தோறும் படம் திருத்த வரும் ஷபானெல் அதனை அறிவார் என்பதும் விசாரணையில் தெரிந்தன.

"கையெழுத்து ஏன் போடலை?" என்று கிளெமென்ஸைக் கேட்டார்.

"படம் காஞ்சப்புறந்தான் போடுவேன், ஐயா. என் வழக்கம் அது."

மாதிரியாக அமர்ந்த ஸெலி கணப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தாள். போன ஜூலையில் ஷபானெலுக்கும் இதே கோலத்தில் அமர்ந்ததாக அவளே ஒப்புக்கொண்டாள்.

"ஆனா இந்தப் படம் இவங்களோடது. இங்க உக்காந்தா ஒரு பக்கம் வேகும், மறுபக்கம் விறைக்கும். கோழி வாட்டுறவன்கூடத் திருப்பிப் போடுவான். இந்த மகராசி என்னை அசையவே விடலை."

லெகாம்ப் சிரித்தார். எனினும், மாதிரிப்பெண்ணின் வாக்குமூலத்தை விலைக்கு வாங்கியதென்று பேராசிரியர் தள்ளிவிடுவார் என்பதை அவர் அறிவார்.

மாலை நான்கு மணிக்கு அனைவரும் மண்டபத்தில் கூடினர். படத்தில், வெண்விரிப்பின்மேல் ஆடையின்றி நிமிர்ந்தமர்ந்த பெண், பார்ப்பவரை நேருக்கு நேர் பார்த்தாள். அவள் வானத்துத் தேவதையல்லள், ஸெலியேதான். விரிப்பு பனியைப்போல் வெளுத்திருந்தது. இடது விலாவிலும் தொடையிலும் மெல்லிய செம்மை படர்ந்திருந்தது.

ஷபானெல் சற்றும் தடுமாறவில்லை. படத்தைச் சென்ற ஜூலையில் தாம் தீட்டியதாகவும், போன வாரம் மேலே திருத்தியதால் ஈரம் இருப்பதாகவும் சொன்னார். பெண்களைச் சேர்க்காத அரசு ஓவியப் பள்ளியில் காலடி வைக்கவும் இயலாத ஒரு பெண்ணுக்கு உடல் வரையும் வித்தை எங்கிருந்து வரும் என்றும் வினவினார்.

லெகாம்ப் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "நல்லா இருக்கு, பேராசிரியரே. அந்த விலாவுல என்ன சிவப்பு? கை தவறிப் பட்டுதா?"

ஷபானெல் குனிந்து பார்த்தார். அதனை அப்பொழுதுதான் முதன்முறை பார்ப்பவரைப்போல் பார்த்தார்.

"சாயங்கால வெயில், இன்ஸ்பெக்டர். என் சன்னல் மேற்கே பாத்தது. உங்களுக்கு ஓவியம் புதுசு போல."

"புதுசுதாங்க. அப்ப அந்த வெயில் விரிப்புமேல ஏன் விழலை?"



லெகாம்ப் நிதானமாக விளக்கினார். வெயில் ஆள் பார்த்து விழுவதில்லை. அது விலாவைச் சிவக்கவைத்திருந்தால், விலாவை ஒட்டிய விரிப்பையும் சிவக்கவைத்திருக்கும். விரிப்போ ஓரம்வரை வெளுப்பு. தோல் மட்டும் சிவந்தது ஒளியாலன்று, சூட்டால்.

"மேடையில உக்கார்றவங்களுக்கு இடப்பக்கம் கணப்பு இருக்கிறதை இன்னைக்கு மத்தியானம் நானே பாத்தேன். ஜூலை மாசம் பாரிஸ்ல யாரு கணப்பு மூட்டுறா, பேராசிரியரே? திருடினது நீங்கதான்."

கணப்புச் செம்மை, காலுறை அழுந்திய தடம் ஆகியவற்றையெல்லாம் நீக்கிச் சலவைக்கல் தேவதைகளையே வரையுமாறு ஷபானெல் முப்பதாண்டுகள் கற்பித்தவர். காணாதிருக்கவே பழகிய கண், திருடியெடுத்த படத்திலும் அதனைக் காணவில்லை.

அவர் கிளெமென்ஸைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அந்தக் கையைப் பழக்கினது நான்" என்றார்.

"கையைப் பழக்கினீங்க, ஐயா," என்றாள் கிளெமென்ஸ். "கண்ணு என்னோடது."

சாயம் கரைக்கும் டர்பென்டைன் தோய்த்த துணியால் அவள் கையொப்பத்தை ஒருமுறை துடைத்தாள். ஷபானெலின் பெயர் கரைந்து வந்துவிட்டது.

"உங்க பேரைப் பெருசாப் போடுங்க மேடம்," என்றாள் ஸெலி, படத்திலிருப்பவளைப்போலவே தலை நிமிர்ந்து. "நான் வெந்ததுக்கு அதுவாச்சும் ஞாயம்."

கிளெமென்ஸ் தூரிகையை எடுத்தாள். படம் காயும்வரை அன்று அவள் காத்திருக்கவில்லை.