ஆள் இருக்கிறது

புரோகிராமை நிறுத்தி அரை மணி நேரம் ஆகியும் ஸ்க்ரீன் சேவர் வரவில்லை.

பழுதான டிஸ்க்குகளிலிருந்து படங்களை மீட்டுத் தருவது அவன் தொழில். மீட்கிற மென்பொருளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஸ்க்ரீன் சேவர் வந்தால் பாதியில் படுத்துக்கொள்ளும், பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்காகவே நாலு வரியில் ஒரு குட்டி புரோகிராம் எழுதியிருந்தான். யாரும் தொடாத விசையைத் தட்டியதாக அது நிமிடத்துக்கொரு முறை கணினியிடம் பொய் சொல்லும். ஆள் இருக்கிறது, ஆள் இருக்கிறது என்று காலி அறையில் மூன்று நாள் ஓடியது. இன்று மதியம் வேலை முடிந்ததும் நிறுத்திவிட்டான்.

ஐந்தே நிமிடத்தில் திரை கறுத்திருக்க வேண்டும். வெயில் மேசைமேல் பட்டையாக விழுந்திருக்க, சூடேறிய பிளாஸ்டிக் வாடைக்கு அடியில், ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்தவரின் வியர்வை போல ஏதோ லேசாகக் கலந்து வந்தது. கடைசியாக விசை தட்டி எத்தனை விநாடி ஆயிற்று என்று காட்டும் எண்ணை நின்றபடியே திரையில் ஓடவிட்டுக் கையை எடுத்தான். பூஜ்யம். கீபோர்டு, மவுஸ் இரண்டின் வயரையும் பிடுங்கினான். பூஜ்யம்.

அவன் இன்று உட்காராத நாற்காலியின் மெத்தை குழிந்திருந்தது. கை வைத்தான். சூடு.

கதவைச் சாத்திவிட்டு அடுக்களைக்குப் போய், வேலையிலிருந்த மனைவிக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னான்.

"மூணு நாளா தூங்கல நீங்க. போய்ப் படுங்க," என்று சிரித்தாள்.

"சிரிக்காதே. சீக்கிரம் வா. பாப்பாவ அந்த ரூம் பக்கமே விடக் கூடாது."

"சரி, அவ இப்ப எங்க?"

கூடத்தில் கலர் பென்சில்கள் மட்டும் கிடந்தன. ஐந்து வயதுக்காரி இல்லை.

சாத்திய கதவு திறந்திருந்தது. உள்ளே விசைகள் தட்டப்படும் சத்தம். நிதானமாக. வயர் பிடுங்கிய கீபோர்டு.

"பாப்பா, அப்பாகிட்ட வாடா."

"வரேன்பா. விட மாட்டேங்குறாங்க."

ஓடினான். நாற்காலியில் இருந்தவளின் கையைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். "வலிக்குதுப்பா," என்று அழுதாள். விட்டான். கீழே விழுந்த போன் இன்னும் அணையவில்லை. "என்னங்க? என்னாச்சு?" என்று மனைவி கத்தினாள். பெற்ற பிள்ளையை ஒரு கை தூரத்தில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் நின்றான்.

குழந்தைக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. எதன் மேலோ சாய்ந்திருந்தாள். அவள் தலையில் ரிப்பன் மெல்ல அவிழ்ந்தது. கூந்தல் மூன்று புரியாகப் பிரிந்தது. பிறகு, சிக்கெடுத்து, பொறுமையாக, பின்னல் மேலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தது.