ஓட்டுநர் மாற்றம்

குளியலறையில் கணவன் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் பகடை உருண்டது.

முன்னறையில் தையல்காரி மெஷினை நிறுத்தினாள். பள்ளிச் சீருடை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவளின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. பகடை மேஜைமேல் ஓடி, எதிலோ முட்டி, தயங்கித் தயங்கி அடங்கும் சத்தம்; அதன் பின்னாலேயே ஒரு சின்னத் தகர வண்டி கட்டம் கட்டமாக நகரும் சத்தம். டக், டக், டக், டக். குளியலறையில் தண்ணீர் இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. வீட்டில் இருந்தது அவர்கள் இருவர் மட்டும்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நான்கு மாதங்களுக்கு முன் பழைய சாமான் கடையில் கார் பந்தய விளையாட்டு ஒன்றை வாங்கி வந்தான். பந்தயப் பாதை வரைந்த பெரிய அட்டை, ஒரு பகடை, ஒரு கட்டுச் சீட்டு, சிவப்பிலும் மஞ்சளிலும் இரண்டு தகர வண்டிகள். அன்றிலிருந்து இதே கூத்து. வேலையிலிருந்து வந்ததும் உள்ளறைக்குப் போய்விடுவான். சிவப்பு அவனுக்கு. மஞ்சள் எதிரே இருக்கும் காலி நாற்காலிக்கு. அதற்கும் அவனே பகடை உருட்டுவான், அவனே நகர்த்துவான், அது முந்தினால் அவனே கைதட்டுவான்.

"நானும் ஆட வரட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தாள்.

"உனக்குச் சரிப்படாது. இதுக்கெல்லாம் பொறுமை வேணும்" என்றான். ஒரு நாளைக்கு நாற்பது பித்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவளிடம் பொறுமையைப் பற்றிப் பேசினான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். மஞ்சள் வண்டியை அவன் 'மஞ்சக்குட்டி' என்று கொஞ்சுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் அவளைத்தான் 'குட்டி' என்று கூப்பிடுவான். எப்போது நிறுத்தினான் என்று அவளுக்கே நினைவில்லை. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சொல் கேட்கும்போதெல்லாம் வயிறு பற்றி எரிந்தது. நேற்று, "ரொம்பச் சிரிக்காத, இன்னும் ரேஸ் முடியல" என்று யாரிடமோ செல்லமாகச் சொன்னான். யாரும் சிரித்ததாக அவளுக்குக் கேட்கவில்லை.

குழாய் நின்றது. துண்டால் முகத்தைத் துடைத்தபடி கணவன் வந்தான்.

"நேத்து உள்ள யார்கிட்டங்க பேசிட்டிருந்தீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. நான் தனியாத்தானே ஆடறேன்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"இப்ப பகடை தானா உருண்டுச்சே."

"மெஷின் அதிர்வுல விழுந்திருக்கும்." அதற்குமேல் அந்தப் பேச்சே வேண்டாம் என்பதுபோலச் சிரித்தான். "மஞ்சக்குட்டி இன்னிக்கு என்னைப் போட்டுத் தாக்குறா. அவ பிட்டுக்குள்ள போனாத்தான் நான் பிழைச்சேன். பிட்டுன்னா பாதையோரம் டயர் மாத்த ஒதுங்கற இடம். அங்க போயிட்டா மூணு முறை சும்மா நிக்கணும். அதோட அங்க ஒரு சட்டம் இருக்கு..."

'போட்டுத் தாக்குறா' என்ற சொல்லோடு அவள் காது பாதி அடைத்துக்கொண்டது. மூன்று முறை சும்மா நிற்க வேண்டும் என்பது மட்டும் மனதில் நின்றது. மெஷினை வேகமாக மிதித்தாள். மிச்சத்தை அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனான்.

சற்று நேரத்தில் போன் வந்தது. எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது போல. பேசப் பால்கனிக்குப் போகுமுன் அவன் உள்ளறை வாசலில் திரும்பி நின்று, "எங்கயும் போயிடாத, வந்துடறேன்" என்றான். அவளைப் பார்த்து இல்லை. நாற்காலியைப் பார்த்து.

அவள் எழுந்தாள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு அப்படியே உள்ளே போனாள்.

அறையில் எரிந்த ரப்பர் வாடை. அதற்கு அடியில், இன்னும் காயாத தலைமுடியின் வாடை. அவளுடையது அல்ல. ஜன்னலில் மாலை வெயில் மிச்சமிருந்தும் எதிர் நாற்காலியின் மூலை மட்டும் மங்கிக் கிடந்தது. நாற்காலி மெத்தை அவள் கையால் தைத்தது. அதன் நடுவில் குழி விழுந்திருந்தது. தொட்டாள். சூடாக இருந்தது.

பயந்திருக்க வேண்டும். அவளுக்குப் பொறாமைதான் வந்தது.

'இது என் இடம்டி' என்று வாய்விட்டுச் சொல்லி, அழுத்தி உட்கார்ந்தாள். முன்னால் போய்க்கொண்டிருந்த மஞ்சள் வண்டியை எடுத்துப் பிட்டுக்குள் தள்ளினாள். நில், மூன்று முறை.

சீட்டுக்கட்டின் மேல் சீட்டு புரண்டது. காற்று இல்லை.

'ஓட்டுநர் மாற்றம். காத்திருப்பவர் ஏற வேண்டும். ஆட்டம் முடியும்வரை இறங்கக் கூடாது. இறங்குபவர் வீடு திரும்பலாம்.'

படித்து முடித்தாள்.

அவள் உட்கார்ந்திருந்தது மெத்தைமேல் அல்ல. ஒரு மடியின்மேல். அந்த மடி அடியிலிருந்து மெல்ல விலகியது. கழுத்து டேப் வழுக்கிக்கொண்டு போனது. வெறுங்கால் சத்தம். வாசலைத் தாண்டியது.

எழப் பார்த்தாள். முடியவில்லை.

முன்னறையில் மெஷின் ஓட ஆரம்பித்தது. அவளுடைய அதே மிதி. அதே வேகம்.

கணவன் வந்தான். எதிரே உட்கார்ந்தான். அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான்.

"அட, பிட்டுக்குப் போயிட்டியா!"

"என்னங்க" என்றாள். "என்னங்க, நான்தான்."

மெஷின் நின்றது. முன்னறையிலிருந்து அவளுடைய குரல் கேட்டது.

"உள்ள யார்கிட்டங்க பேசறீங்க?"

"யார்கிட்டயும் இல்ல, குட்டி" என்றான் கணவன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, அத்தனை கனிவாக. "தனியாத்தான் ஆடறேன்."

வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். அவளுடைய உடம்பு. அவளுடைய புடவை. கழுத்தில் டேப். கூந்தலிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையிலிருந்த காலரின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி, நேராக நாற்காலியைப் பார்த்தாள்.

தையல்காரி கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

கணவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். முகம் மலர்ந்தது.

"ரொம்பச் சிரிக்காத" என்றான், பகடையைக் குலுக்கிக்கொண்டே. "இன்னும் ரேஸ் முடியல."