சாய்ந்து உறைந்த ரத்தம்

மாடிப்படி ஏறி வந்த டாக்டரம்மாவை அவருடைய தங்கை கைத்தாங்கலாகப் பிடித்திருந்தாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரிப் படுக்கை; முகம் இன்னும் வெளுத்தே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு, "என்னைக் கொல்லப் பார்த்தாங்க சார். யாருன்னு எனக்குத் தெரியணும்," என்றார்.

எதிரே இருந்தவரை எல்லோரும் நிதானம் என்றே அழைப்பார்கள். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிருக்கலாம். பக்கத்தில் துள்ளி எழுந்தவர் அவர் மனைவியின் தம்பி, மருந்துக்கடையை விற்றுவிட்டு அத்தானோடு துப்பறிய வந்தவர். அவருக்கு அவசரம் என்று பெயர். வைத்தது அவருடைய சொந்த அக்காதான்.

"விடுக்கா, விடுக்கான்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் சார். கேக்க மாட்டேங்கறா," என்றாள் தங்கை.

டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ஒரு புரதத்தை ரத்தத்தில் தேடுவது அவருடைய ஏழு வருட ஆராய்ச்சி. முந்நூறு நோயாளிகளின் ரத்தம் சின்னச் சின்னக் குழாய்களில் உறைந்து, ஒரு பெரிய குளிர்ப்பெட்டியில் நிற்கிறது. மேல் தட்டு ரத்தத்தில் சோதனை சரியாக வந்தது. கீழ்த் தட்டு ரத்தத்தில் தாறுமாறாகப் போனது.

"ஏன்னு பார்க்க நானே கீழ்த் தட்டை எடுக்கப் போனேன். பெட்டி முன்னாடி நின்னது ஞாபகம் இருக்கு. நெஞ்சைப் பிடிச்சு முறுக்கின மாதிரி ஒரு வலி. அவ்வளவுதான்."

"மாரடைப்பா?" என்று கேட்டார் அவசரம்.

"பார்க்க அப்படியேதான். ஆனா இதயக் குழாய்ல அடைப்பே இல்ல. அலர்ஜி வந்தா சில பேருக்கு அந்தக் குழாய் சுருங்கிடும். எனக்கு ஒத்துக்காதது ஒண்ணே ஒண்ணு, ரப்பர். அந்த அறையில ரப்பர் கையுறையே கிடையாது சார். ஆறு வருஷமா நீலக் கையுறைதான், அதுல ரப்பர் இல்ல."

அவர் தங்கையின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பொழைச்சது இவளால. அலர்ஜிக்கான அவசர ஊசியை நான் எங்கேயாவது மறந்துடுவேன்னு இவதான் வருஷக்கணக்கா கைப்பையில சுமக்கறா."

"இப்ப என்ன அவசரம்?" என்றார் நிதானம். மைத்துனர் ஒரு கணம் தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"நான் படுத்திருந்தப்ப எங்க துறைத்தலைவர் குழுவைக் கூட்டி, சோதனை தப்பா வருதுன்னு ஆராய்ச்சியை மூடச் சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை அத்தனை ரத்தத்தையும் அழிச்சிடுவாங்க. கொடுத்தவங்கள்ல பாதிப் பேர் இப்ப உயிரோட இல்ல. திரும்ப யார்கிட்ட போய் கேக்கறது?"

நிதானம் ஒரு தாளை நீட்டினார். டாக்டரம்மா இடது கையால் ஒப்பமிட்டார்.

மறுநாள் காலை ஆய்வகத்துக்குப் போனார்கள். அங்கே மூன்று பேர்தான் வேலை: டாக்டரம்மா, ரத்தத்தைப் பதிந்து அடுக்கும் தங்கை, சோதனை செய்யும் லேப்காரர். குளிர்ப்பெட்டியின் பக்கத்துச் சுவரில் ஆளுக்கொன்றாகப் பெயர் ஒட்டிய மூன்று கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி தடித்த குளிர்க் கையுறை.

"அம்மாவுக்கு ஒரு பழக்கம் சார்," என்றார் லேப்காரர். "கையுறையைத் தட்டி உதறிட்டுத்தான் போடுவாங்க. அன்னைக்கும் உதறினாங்க, போட்டாங்க, கதவுல கை வைக்கறதுக்குள்ள விழுந்துட்டாங்க. நான் மாரடைப்புன்னு நினைச்சு ஸ்ட்ரெச்சருக்கு ஓடினேன். சின்னம்மா 'ரப்பர், ரப்பர்'னு கத்திக்கிட்டே ஊசியைக் குத்திட்டாங்க. இல்லேன்னா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

அவசரம் கொக்கிகளைப் பார்த்துச் சிரித்தார். "அக்காவுக்குக் கந்தல், தங்கச்சிக்குப் புத்தம் புதுசா? பாருங்க அத்தான், டாக்டரம்மா கையுறையில வலது உள்ளங்கை தேய்ஞ்சு பஞ்சு தெரியுது."

"தங்கச்சிக்குப் புதுசு எப்ப கொடுத்தீங்க?" என்று கேட்டார் நிதானம்.

"அம்மா விழுந்த மறுநாள். பழசு கிழிஞ்சு போச்சுன்னு கேட்டாங்க," என்றார் லேப்காரர்.

நிதானம் மேல் தட்டிலிருந்து ஒரு குழாய், கீழ்த் தட்டிலிருந்து ஒரு குழாய் எடுக்கச் சொன்னார். மேல் தட்டுக் குழாயில் உறைந்த ரத்தத்தின் மேற்பரப்பு சமமாக இருந்தது. கீழ்த் தட்டுக் குழாயில் ஒரு பக்கம் வாய்வரை ஏறி, மறு பக்கம் இறங்கிக் கிடந்தது. இன்னும் பத்துக் குழாய் பார்த்தார்கள், பத்தும் அப்படியே.

வெளியே வந்ததும் அவசரம் காதைக் கடித்தார். "துறைத்தலைவர்தான் அத்தான். ஆராய்ச்சியை மூடினதே அவருதானே! போலீசைக் கூப்பிடவா?"

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு மாப்ள. முதல்ல எல்லாரையும் ஒரு அறையில உட்கார வை."

மாலையில் கூட்ட அறையில் துறைத்தலைவர், லேப்காரர், டாக்டரம்மா, தங்கை நால்வரும் உட்கார்ந்தார்கள். நிதானம் இரண்டு குழாய்களையும் பனிக்கட்டி நிரப்பிய டப்பாவில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"நிக்க வச்ச குழாய்ல ரத்தம் சமமா உறையும். இது சாய்ஞ்சு உறைஞ்சிருக்கு. ஆனா தட்டுல எல்லாக் குழாயும் நின்னுக்கிட்டுதான் இருக்கு. அப்படின்னா?"

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "எங்கேயோ படுத்த வாக்குல உருகியிருக்கு. அப்படியே படுக்க வச்சே மறுபடி உறைய வச்சிருக்காங்க. ஒரு தடவை உருகினாலே அந்தப் புரதம் சிதைஞ்சிடும்."

"அதான் கீழ்த் தட்டு தப்பா வந்தது. நீங்க பெட்டியைத் திறந்திருந்தா பார்த்ததுமே புரிஞ்சிருக்கும். திறக்கக் கூடாதுன்னு ஒருத்தர் நினைச்சார். மாவு பூசின ரப்பர் கையுறையை உங்க குளிர்க் கையுறைக்குள்ள உதறினாலே போதும். நீங்க தட்டினதும் மாவு மூஞ்சியில பறக்கும், அதோட ரப்பரும் மூச்சுல போகும்."

"என் கையுறை அங்கேயேதானே தொங்குது?"

"தொங்கறது உங்களுது இல்லம்மா. நீங்க இடது கைக்காரர். அதுல வலது கை தேய்ஞ்சிருக்கு. மாவு பட்ட ஜோடியை எடுத்தவர் கொக்கியைக் காலியா விட முடியாது, புதுசை மாட்டினாலும் நீங்க கேப்பீங்க. அதனால தன்னோட பழசை மாட்டிட்டு, தனக்குப் புதுசு கேட்டு வாங்கிக்கிட்டார்."

லேப்காரரின் தலை தங்கையின் பக்கம் திரும்பியது.

"இன்னொண்ணு. எல்லாரும் மாரடைப்புன்னு நினைச்ச நேரத்துல, ரப்பரே இல்லாத அறையில, 'ரப்பர்'னு கத்தினது ஒரே ஒருத்தர். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினவர்."

"சார், அவ என் கூடப் பிறந்தவ," என்றார் டாக்டரம்மா. சண்டை போடும் குரலில் தொடங்கியது பாதியிலேயே உடைந்தது.

தங்கை மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பழைய பெட்டி கெட்டுப்போய் ரத்தத்தைப் புதுசுக்கு மாத்தின அன்னைக்கு, கீழ்த் தட்டுக் குழாயெல்லாம் மேசை மேல தட்டத்துல படுக்க வச்சிருந்தேன். மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன். காலையில வந்து பார்த்தா எல்லாம் தண்ணி. தட்டத்தோட அப்படியே உள்ள தள்ளி உறைய விட்டு, அப்புறம் நிக்க வச்சேன். உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சுக்கா. குழு கூடி மூடிட்டா ரத்தத்தை அழிச்சிடுவாங்க, அதுவரைக்கும் நீ பெட்டிகிட்ட வராம இருந்தா போதும்னு பார்த்தேன். போன தடவை மாதிரி நீ ரெண்டு நாள் தும்மிக்கிட்டு வீட்ல கிடப்பேன்னுதான் நினைச்சேன். நெஞ்சுக்குப் போகும்னு எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமா."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல் தட்டு நல்லா இருக்குன்னா, அழிக்கறதை இப்பவே நிறுத்தறேன். நூத்தைம்பது பேர் ரத்தம் மிச்சம் இருக்கு."

ஏழு வருட உழைப்பில் பாதி பிழைத்தது. டாக்டரம்மாவுக்கு அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. "பதினோரு நாள் என் கட்டில் பக்கத்துலயே தூங்கினியேடி. கண்ணு முழிக்கறப்பல்லாம் உன் முகம்தான். நான் பொழைக்கணும்னு இருந்தியா, யார்கிட்டயும் பேசிடக் கூடாதுன்னு இருந்தியா?"

தங்கை அழுதாள். அவசரம் ஏதோ ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தார். நிதானம் அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார்.

டாக்டரம்மா எழுந்து நின்றார். தங்கை பழக்கத்தில் தாங்கிப் பிடிக்க வந்தாள். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு, இடது கையை நீட்டினார்.

"கைப்பையில இருக்கற ஊசியைக் கொடு. இனிமே நானே வச்சுக்கறேன்."